தூசு படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்

இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்திருப்பார்கள். செங்கல்லைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் காற்றை இழுக்கும், மறுபக்கம் விடும், நடுவே வட்டமாக ஒரு வெள்ளைத் தாள். காற்றில் மிதக்கும் கரியெல்லாம் அந்தத் தாளில் ஒட்டிக்கொள்ளும். போகும்போது தாளை எடை போடுவீர்கள், திரும்பியதும் எடை போடுவீர்கள், கழித்துப் பார்ப்பீர்கள். டீசல் புகையில் எவ்வளவு துகள் என்று உலகத்துக்குச் சொல்வீர்கள். இதற்குமேல் தெரியவேண்டியதை உங்கள் பயிற்சிப் புத்தகம் சொல்லும். என்னைவிடப் பொறுமையாகவும் சொல்லும்.

அந்தப் பெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் எந்தப் புத்தகமும் சொல்லாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் புகை அளந்தவன் நான். ஐம்பத்து நான்காவது வயதில் நானாகவே எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தவன். வழியனுப்பு விழாவில் என் துல்லியத்தைப் பாராட்டிப் பேசினார்கள். கம்பத்து ஜீப் ஒன்றின் கடைசி இருக்கையை நினைத்துக்கொண்டு நான் தலையைக் குனிந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தேனிப் பக்கம் கம்பத்தில் பொழுது ஜீப் சத்தத்தோடுதான் விடியும். மேற்கே மலை தன் நீலத்தை இன்னும் கழற்றியிருக்காது. திராட்சைப் பந்தல்களுக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குப் பனி படுத்திருக்கும். அதற்குள் ஜீப் நிறுத்தத்தில் பெண்கள் சேர்ந்துவிடுவார்கள். வயர் கூடையில் தூக்குச்சட்டி, தலையில் கட்ட ஒரு துண்டு, மழை வந்தால் போர்த்த ஒரு பாலிதீன் தாள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்கள். காலையில் ஏறி, காய் எடுத்து, சாயங்காலம் இறங்க வேண்டும். ஏற்றிப்போவதெல்லாம் பழைய டீசல் ஜீப்புகள். பத்துப் பேர் உட்காரவேண்டிய வண்டியில் எத்தனை பேர் போவார்கள் என்று நான் சொன்னால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள், விட்டுவிடுகிறேன்.

அந்த ஜீப்புகளுக்குப் பின்பக்கம் கதவு கிடையாது. வண்டி முன்னால் போகப்போக, பின்னால் காற்றில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்பப் புகைக்குழாயின் புகை சுருண்டு உள்ளே வரும். ஏற்றத்தில் வண்டி முக்கும்போது இன்னும் அதிகம். முன்னால் உட்கார்ந்தவருக்கு மலைக்காற்று. கடைசியில் உட்கார்ந்தவருக்கு அந்த வண்டியின் மூச்சு.

செல்வம் என்பவரின் ஜீப்பில் அந்தக் கடைசி இடம் முத்துப்பேச்சி அக்காவுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். காய் எடுக்கும் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. தலைவி என்றால் முன் இருக்கை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரையும் ஏற்றிவிட்டு, யாரும் விட்டுப்போகவில்லை என்று பார்த்துவிட்டுக் கடைசி ஆளாக ஏறுகிறவர் தலைவி. கடைசியில் ஏறுகிறவருக்குக் கடைசி இடம்தானே மிஞ்சும். எட்டு வருடம் அந்த இடத்தில் போய் வந்ததில் அவருக்கு இளைப்பு வந்திருந்தது. மூன்று வார்த்தை பேசுவார், நிறுத்துவார், மூச்சைத் தேடி எடுத்துக்கொண்டு அடுத்த மூன்று வார்த்தைக்கு வருவார். புகை ஆகாது, மலை வேலையை விட்டுவிடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"மலையை விட்டுட்டு... நான் எங்கன... போக சார்?" என்று என்னிடம் கேட்டார், ஆஸ்பத்திரியை நடத்துவது நான் என்பது போல.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு வடிகட்டி. புகைக்குழாயில் பொருத்தும் தகர உருளை, உள்ளே தேன்கூடு மாதிரி துளைகள். கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் இன்ஜின் சூடேறும்போது பிடித்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சமதளத்தில் ஓடும் வண்டியில் அது அடைத்துப்போகும். மலை ஏறும் வண்டிக்கு மலையே மருந்து. சோதனைக்காக இரண்டு வடிகட்டிகள் வந்திருந்தன. ஒன்றை வேறொரு ஜீப்பில் மாட்டினோம். இரண்டாவது தேனியில் ஓர் அலமாரியில் காத்திருந்தது. மாட்டிய வண்டி, மாட்டாத வண்டி இரண்டிலும் கடைசி இருக்கையில் பெட்டி வைத்து அளக்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் தேனியில் ஒரு கமிட்டி சரி சொல்லி, இரண்டாவது வடிகட்டி செல்வத்தின் ஜீப்புக்கு, பிறகு வரிசையாக மற்ற வண்டிகளுக்கு. தெரியாவிட்டால் மாத முடிவில் இரண்டும் வந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடும்.

முத்துப்பேச்சி அக்கா இதை ஒரே தடவையில் புரிந்துகொண்டார். வடிகட்டிக்கு அவர் வைத்த பெயர் டப்பா. "டப்பா வந்தா... வேலைக்கு வருவேன். வரலைன்னா... இந்த மாசத்தோட... நின்னுக்கிருவேன்." அவ்வளவுதான். எங்கள் திட்ட அறிக்கை இதையே நாற்பது பக்கத்தில் சொல்லியிருந்தது, இவ்வளவு தெளிவாக இல்லை.

மாட்டிய வண்டியில் பெட்டியை ஓட்டுநர் பின்கம்பியில் தொங்கவிட்டார். அதோடு அதை மறந்தும் போனார். செல்வத்தின் வண்டியில் பின்கம்பி வெல்டு விட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதனால் பெட்டியை அக்காவின் மடியில் கொடுத்தேன். கொடுக்கும்போது, எந்தச் சாமானை யாரிடம் கொடுத்தாலும் நம் ஊரில் எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன்.

"அக்கா, ரொம்ப விலை உள்ள சாமான். தூசு தும்பு படாம பாத்துக்கங்க."

வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி வாங்குகிறவர் போல அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "எம்புள்ள மாதிரி... பாத்துக்கிறேன் சார்."

மூன்று நாள் போய் வந்தது பெட்டி. நான் கம்பத்தில் டீ குடித்துக்கொண்டு, தாளைப் பத்திரப்படுத்திக்கொண்டு, மிகவும் திறமையாக இருந்தேன். மூன்றாம் நாள் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். வடிகட்டி மாட்டிய வண்டியின் தாள்கள் சாம்பல் நிறம். சாலைத் தூசு, முன்னால் போன வண்டிகளின் புகை எல்லாம் இருக்கும்தானே. மாட்டாத வண்டியின் தாள்கள் மூன்றும் வெள்ளை. புது இட்லித் துணி வெள்ளை. மதுரையில் எடை போட்டார்கள். எடையும் அதையே சொன்னது. மேகமலை உச்சியில் அதிகாலையில் நின்று இழுத்தாலும் அவ்வளவு சுத்தமான காற்று கிடைக்காது. செல்வத்தின் டீசல் ஜீப்பின் கடைசி இருக்கையில் கிடைத்திருக்கிறது.

எங்கள் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். எதற்கும் பதறாத மனிதர். பதறாமல் இருப்பதற்காகவே எதையும் இரண்டாம் தடவை பார்க்கமாட்டார்.

"சுத்தமா வந்திருக்குன்னா சுத்தமா இருக்குன்னு எழுதுய்யா. நல்ல ரிசல்ட்டுக்குப் போய் எவனாவது அழுவானா?"

"சார், அந்த வண்டி போற பாதையில கரி கோலம் போட்டிருக்கு."

"நீ கண்ணால பாத்தது. நமக்கு எண்ணுதான் எசமான். வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தேனியில கமிட்டி. ரிப்போர்ட்ல போட்டாச்சு."

எல்லோருக்கும் பிடித்துப்போன ரிப்போர்ட் அது. ஜீப்காரர்களுக்கு மகிழ்ச்சி, அவர்கள் வண்டி புகை விடவில்லை. அதிகாரிகளுக்கு மகிழ்ச்சி, எதுவும் செய்ய வேண்டியதில்லை. வடிகட்டி மாட்டினால் காற்று கெட்டுப்போகிறது என்று நாங்கள்தான் உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தோம் என்ற பெருமை வேறு.

எனக்கு மட்டும் உறுத்தியது. உறுத்தினால் என்ன செய்ய வேண்டும்? நான் செய்ததைச் செய்யக் கூடாது. நான் உடனே திருடனைத் தேடினேன்.

திருடன் தயாராக இருந்தார். செல்வம் முதல் நாளே கேட்டிருந்தார், "இந்தப் பெட்டி போலீசுக்குச் சொல்லுமா சார்?" என்று. புகைச் சோதனைக்கு வருவதற்கு முன் இன்ஜினுக்கு டீசலைக் குறைத்து வைத்து, சான்று வாங்கியதும் திருப்பிக் கூட்டிக்கொள்ளும் ஓட்டுநர்களை வருடக்கணக்கில் பார்த்தவன் நான். முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும்? புதன்கிழமை காலை, நிறுத்தத்தில், பெண்கள் எல்லோரும் ஏறிக்கொண்டிருக்கும்போது அவரிடம் போய் நின்றேன்.

"செல்வம், உள்ள இருந்த தாளை மாத்தி வச்சியா?"

அவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டார். முப்பது வயது இருக்கும். கோபம் வந்தால் சிரிக்கிற முகம்.

"ஏ அத்தே, கேட்டுக்கிட்டியா? நான் பேப்பர் திருடுனேனாம்." முத்துப்பேச்சி அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுவார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என் வண்டி புகை விட்டா நீங்க குத்தம் சொல்றீக. விடலைன்னாலும் குத்தம் சொல்றீக. நான் என்னத்தத்தான் செய்ய? வண்டியைத் தோள்ல தூக்கிக்கிட்டு மலை ஏறவா?"

உள்ளே பெண்கள் சிரித்தார்கள்.

"பெட்டிக்கு மூக்கு கெடையாது சார். உங்களுக்கு இருக்குல்ல? நாளைக்கு வந்து கடைசி சீட்டுல உக்காருங்க. மெட்டு வரைக்கும். அப்புறம் சொல்லுங்க நான் திருடனா இல்லையான்னு."

நாளை வியாழக்கிழமை. பதினோரு மணிக்குத் தேனியில் இருக்க வேண்டும். மெட்டு என்பது மலை உச்சியில் கேரள எல்லை; போய்த் திரும்பினால் நேரம் சரியாகத்தான் இருக்கும். சரி என்றேன். திருடனை நேரில் பிடிக்கப்போகிற போலீஸ்காரனின் மிடுக்கோடுதான் சொன்னேன். அதை ஒளிக்க விரும்பவில்லை.

மறுநாள் ஆறரை மணிக்குக் கடைசி இருக்கையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தேன். முழங்காலோடு முழங்கால் இடித்தது. பெட்டியை ஓடவிட்டு அவர் மடியில் வைத்தேன். என் பார்வை முன்னால், செல்வத்தின் கை மேல் இருந்தது. வண்டி ஊரைத் தாண்டியது. தென்னந்தோப்புகள் பின்னால் ஓடின. மலை அடிவாரத்தில் முதல் உறுமல்.

அப்போது அக்கா தன் வயர் கூடையைத் திறந்தார். ஜவுளிக்கடை பாலிதீன் பை ஒன்றை எடுத்தார், புதிது, மடிப்பு கலையாதது. பெட்டியை அதற்குள் இறக்கினார். வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார், ஒன்றுக்கு இரண்டாக. தலைத்துண்டை அவிழ்த்து அதன் மேல் சுற்றினார். சுற்றியதைக் கூடைக்குள் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்து, பாலிதீன் தாளால் மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். முக்காடு போன தலையில் புகையின் முதல் சுருள் வந்து உட்கார்ந்தது.

திருடனைப் பார்ப்பதை விட்டுவிட்டு நான் இதைப் பார்த்தேன்.

"என்னக்கா செய்றீக?"

"தெனமும்... செய்றதுதான் சார். ஊர் வந்ததும்... பிரிச்சிருவேன்."

"எதுக்கு?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. "நீங்கதான... தூசு படாம... பாக்கச் சொன்னீக?"

உள்ளேயிருந்து ஒரு குரல், "அக்கா அவுக சோத்துச் சட்டியக்கூட இப்படிப் பாக்க மாட்டாக சார்!"

இன்னொரு குரல், "அன்னிக்கு ஒருத்தி கால் பட்டுருச்சுன்னு அவளைப் பேசுன பேச்சு இருக்கே!"

அக்கா கூடையைத் தட்டிக்காட்டினார். "சத்தம் நிக்கல பாருங்க... நல்லாத்தான்... ஓடுது."

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இறுக்கக் கட்டிய பைக்குள், தான் விட்ட காற்றைத் தானே இழுத்து, இழுத்ததைத் தானே விட்டு, குகைக்குள் உட்கார்ந்த சாமியார் மாதிரி மூன்று நாளாக உலகத்தோடு சம்பந்தமில்லாமல் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. அதன் நிஷ்டையைத்தான் நாங்கள் எடை போட்டு, நான்கு பிரதி எடுத்து, தேனிக்கு அனுப்பியிருந்தோம்.

மூன்றாவது வளைவில் வண்டி முக்கி ஏறியது. புகை உள்ளே வந்தது. புகையை நான் எத்தனையோ வருடம் குழாயின் வாயில் அளந்திருக்கிறேன். கம்பியை நுழைப்போம், எண்ணைக் குறிப்போம், தள்ளி நிற்போம். அதற்குள் உட்கார்ந்தது அன்றுதான். சூடாக இருந்தது. நாக்கில் ஆணி சுவை. கண்ணைத் திறந்தால் கண்ணில், மூடினால் தொண்டையில். பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே பச்சையாக விரிந்து கிடந்தது, வயலும் வாய்க்காலும் வெயிலின் முதல் கீற்றும். அதையெல்லாம் ஓர் அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எதிரே அக்கா புறங்கையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தார். இன்னொரு கை கூடையின் மேல்.

இருமல் அடங்கியதும் சொன்னேன். "அக்கா, இது தூசைப் பிடிக்கிற பெட்டி. தூசு உள்ள போகணும். அப்பத்தான் புகை எவ்வளவுன்னு தெரியும்."

ஜீப்பில் சிரிப்பு பரவியது. அவர் சிரிக்கவில்லை. கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப... எனக்கு டப்பா... வராதா?"

கூடை மேலிருந்த கையை எடுத்தார்.

"நாந்தான்... கெடுத்துட்டேனா சார்?"

"நீங்க இல்லக்கா. நான்."

இந்த மாதிரிச் சமயத்தில் மனிதர்கள் அழகாக ஏதாவது சொல்வார்கள் என்று படித்திருக்கிறேன். எனக்கு இருமல்தான் வந்தது. முன்னாலிருந்து செல்வம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எல்லாம் கேட்டிருக்கும். அடுத்த வளைவுக்குக் கியரை மாற்றினார்.

மெட்டில் இறங்கி, கீழே போகும் பஸ்ஸைப் பிடித்தேன். சட்டைக் காலரில் கரி. கூடை விட்டு மீண்ட பெட்டி என் மடியில். பஸ் இறங்க இறங்க, மனமும் இறங்கியது; எத்தனை விதமாக இறங்கலாம் என்று கணக்குப் போட்டது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பெண்கள் கமிட்டிக்கு வரப்போவதில்லை. செல்வம் வாயைத் திறந்தால் அவர் வண்டிக்குத்தான் கேடு. ரிப்போர்ட்டில் என் பெயர் நன்றாக அச்சாகியிருந்தது. இளைய நண்பர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு பஸ் வரும். அதில் ஜன்னலோர இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். மிகவும் வசதியான இருக்கை.

தேனியில் கூட்ட அறைக்கு வெளியே மேலதிகாரி நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல் பதறவில்லை.

"கருவிக் கோளாறுன்னு போட்டுக்கலாம். பெட்டிக்கு என்ன, மானமா போகப் போகுது?"

அழகான வழி. யாரும் கெட்டவரில்லை, ஒரு பெட்டிதான் கெட்டது. தலையாட்டப் போனேன். அப்போதுதான் அதன் அடுத்த அடி என் மண்டையில் உறைத்தது. கோளாறு என்று எழுதினால் பெட்டியைச் சரிபார்க்க அனுப்ப வேண்டும். போய் வர இரண்டு மாதம். வடிகட்டி இந்த மாதத்தோடு திரும்பிப் போய்விடும். அக்காவும் இந்த மாதத்தோடு நின்றுவிடுவார். பெட்டி நல்லது, ஆள்தான் சரியில்லை என்று எழுதினால் மட்டுமே நாளைக்கே மறுபடி அளக்கலாம். எனக்குள் இருந்த நேர்மை அன்று தானாக விழித்துக்கொண்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நாள்காட்டிதான் அதை எழுப்பிவிட்டது.

கமிட்டித் தலைவர் ஒரு பெண் அதிகாரி. கோப்பைப் படித்துவிட்டுப் பேசுகிறவர். அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"வடிகட்டி இல்லாத வண்டிலதான் காத்து சுத்தமா இருக்குன்னு போட்டிருக்கீங்க. எப்படி?"

எழுந்தேன். "அது ஜீப்புல இருந்த காத்து இல்ல மேடம். பாலிதீன் பைக்குள்ள இருந்த காத்து."

முழுதும் சொன்னேன். பை, ரப்பர் பேண்ட், துண்டு, கூடை. அறையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"பெட்டில கோளாறா?"

"பெட்டி நல்லா இருக்கு மேடம்."

"மூடி வைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான். தூசு படாம பாத்துக்கங்கன்னு சொல்லிக் கொடுத்தேன்."

"தூசு அளக்குற பெட்டியைக் கொடுத்துட்டு?"

"ஆமா மேடம்."

அவர் பேனாவை மூடினார். "இதை எழுத்துல கொடுப்பீங்களா?"

கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து, கையால் எழுதி, தேதி போட்டு. என் பணிக்காலத்தில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், தகுந்த இடங்களில் மழுப்பி. மழுப்பாமல் எழுதியது அந்த ஒரு பக்கம்தான். கையெழுத்தும் அன்றைக்குத்தான் நன்றாக இருந்தது. அடுத்த வாரத்துக்குள் மறுபடி அளந்து கொண்டு வரவேண்டும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். மேலதிகாரி படியிறங்கும்போது என் தோளில் தட்டினார். "தைரியசாலிய்யா நீ. இனிமே என் பேர் வர்ற ரிப்போர்ட்ல நீ வேணாம்."

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது. வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு நிறுத்தத்தில் போய் நின்றேன். செல்வம் பெட்டியையும் என்னையும் பார்த்தார்.

"என் வண்டில வேணாம் சார்."

"செல்வம், அக்காவுக்காகத்தான்..."

"அத்தைக்காகன்னா நானே அவுகளை முன்சீட்டுல உக்கார வைப்பேன். வர மாட்டேங்கிறாக, நான் என்ன செய்ய? அது எங்களுக்குள்ள. இது வேற. அன்னிக்கு எல்லாரும் பாக்கத்தான கேட்டீக, பேப்பரைத் திருடுனியான்னு?"

"ஆமா."

"இன்னிக்கும் எல்லாரும் பாக்கச் சொல்லுங்க."

கமிட்டியில் எழுந்து பேசியது இதைவிடச் சுலபம். அங்கே நான் ஒப்புக்கொண்டது ஒரு பிழையை. அதற்கு ஒரு மரியாதை உண்டு, நாற்காலி உண்டு, தண்ணீர் பாட்டில் உண்டு. இங்கே மூன்று ஜீப் நிறையப் பெண்கள், பூக்காரர், டீக்கடைக்காரர், ஒரு மாடு. சந்தேகம் சொல்ல அரை நிமிடம் போதும் என்பதும், அதைத் திருப்பி வாங்க அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் நிற்க வேண்டும் என்பதும் அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

"செல்வம் தாளைத் தொடலை. நான் விசாரிக்காம சொன்னேன். தப்பு என்னுது. மன்னிச்சுக்கப்பா."

இரண்டாவது ஜீப்பிலிருந்து ஒரு பெண், "சத்தமாச் சொல்லுங்க சார், பின்சீட்டுக்குக் கேக்கல!"

சத்தமாகச் சொன்னேன். மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

செல்வம் முன்கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி. பிறகு, "சரி சரி, ஏறுங்க, நேரமாச்சு. பெட்டியை இங்கன குடுங்க" என்றார். பின்கம்பி ஆடவில்லை. வெல்டு வைத்திருந்தார். எப்போது வைத்தார் என்று நான் கேட்கவில்லை. பெட்டியை அக்காவின் மூக்கு உயரத்துக்கு அவரே கட்டினார்.

அக்கா ஏறி உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தார். "இந்தத் தடவை... எப்படிப் பாத்துக்கணும் சார்?"

நாக்கு நுனி வரை ஏதோ வந்தது. விழுங்கினேன். "பாத்துக்கவே வேணாம்க்கா."

அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மெட்டு வரை இரண்டு கைகளையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு, பெட்டி புகையைக் குடிப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வளைவில், "பாவமா... இருக்கு சார்" என்றார். தன்னைச் சொல்லவில்லை, பெட்டியைச் சொன்னார்.

நான்கு நாள் அளந்தோம். தாள்கள் கறுப்பாக வந்தன. சட்டியின் அடி கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்து மகிழ்ந்த மனிதன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். செல்வம் ஒரு தாளை விரல்நுனியில் பிடித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என் வண்டியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அக்கா இருந்த பக்கம் பார்க்காமல் போய்விட்டார். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது இரண்டாவது வடிகட்டியை அலமாரியிலிருந்து எடுத்து அவர் ஜீப்பில் மாட்டினோம்.

ஐந்து மாதம் கழித்து, மாட்டியது எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். அதற்குள் இன்னும் சில வண்டிகளுக்கு வந்திருந்தது. நிறுத்தத்தில் ஒரே கூச்சல். செல்வத்தின் ஜீப்பைச் சுற்றிப் பெண்கள். அக்கா என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"வாங்க சார் வாங்க, உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கேன், நல்ல டப்பா மாட்டுனீக போங்க, இப்பப் பொகை இல்ல, காத்து வருது, மலை தெரியுதுன்னு சொல்லி இந்தச் சிறுக்கிக எல்லாம் விடிய முன்னாடியே வந்து கடைசி சீட்டைப் பிடிச்சு உக்காந்துக்கிறாளுக, எட்டு வருசமா நான் உக்காந்த எடம், எல்லாரையும் ஏத்திவிட்டுட்டு நான் ஏறப்போனா உள்ளுக்க போ அக்கா உள்ளுக்க போங்கிறாளுக, நடுவுல நாலு பேருக்கு இடையில நசுங்கிக்கிட்டுப் போறேன், இதுக்கு ஒரு ரூல் போட மாட்டீகளா, நீங்கதான கமிட்டிக்கெல்லாம் போறீக, எழுதிக் குடுங்க சார், கடைசி சீட்டு முத்துப்பேச்சிக்குன்னு!"

இதற்கு வடிகட்டி மட்டுமே காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றியிருந்தார்கள், மழையும் விட்டிருந்தது. அளக்கிறவன் அதையெல்லாம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் நடுவில் ஓரிடத்தில்கூட மூச்சுக்கு நிற்கவில்லை. ரூல் போட எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லியிருக்கலாம், அவர் பேச்சு அதோடு முடிந்துபோயிருக்கும். இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.